கூரையைப் படகிடம் கொண்டுபோவதா, படகைக் கூரையிடம் கொண்டுவருவதா?

மண்டைதீவு, வேலணை, அரியாலை, கொழும்புத்துறை என்று கடலைப் பார்த்த காணிகளில் வீடு கட்ட வருகிறவர்கள் வீட்டு வரைபடத்தோடு கைப்பேசியில் இன்னொரு படத்தையும் காட்டுகிறார்கள். பெரும்பாலும் கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய படம். ஒன்ராறியோவில் ஓர் ஏரிக்கரை, நீருக்குள் மரத்தூண்கள், அவற்றின் மேல் அழகான சரிவுக் கூரை, கூரைக்குக் கீழே வெள்ளைப் படகு ஒன்று அலுங்காமல் மிதக்கிறது. "அண்ணை, இப்படி ஒன்று எங்கள் வளவுக்கு முன்னாலும் போடலாமா?" என்பது அடுத்த கேள்வி.

கட்டட மேற்பார்வை செய்து பிழைக்கிறவனிடம் அப்படிக் கேட்டால் "போடலாம்" என்ற பதில் வாயில் தயாராக இருக்கும். கொங்கிறீற்றுக்கும் கம்பிக்கும் காசு கொடுக்க ஆள் இருந்தால் எதைத்தான் போட முடியாது? ஆனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் (ஆழமற்ற கடல்நீரேரி) ஓரத்து வீடுகளில் பத்துக்கு ஒன்பதுக்குக் கூரை தரையில் இருப்பதே சரி. படகுதான் கூரையிடம் வர வேண்டும். மிச்சமுள்ள அந்த ஒரு வீட்டின் கதையையும் பிறகு சொல்கிறேன்.

தெரிவுகள் நான்கு. நீருக்குள் தூண் நட்டு, படகு மிதந்தபடியே நிற்க, மேலே கூரை போடுவது ஒன்று. கரையைக் குடைந்து காணிக்குள் கடலைக் கூட்டிவந்து, அந்தக் குடைவுக்கு மேல் கூரை போடுவது இன்னொன்று. நீருக்குள் நிறுத்திய உலோகச் சட்டத்தில் மோட்டாரால் படகைத் தூக்கி வைத்து, மேலே தடித்த துணிக் கூரை கட்டுவது மூன்றாவது. தரையில் கொட்டில் போட்டு, தள்ளுவண்டியில் படகை ஏற்றி இறக்குவது நான்காவது.

தை மாதத்துக் கடலும் ஆவணி மாதத்துக் கடலும்

கடலோரக் காணி விற்கிறவர் அதைத் தை மாதத்தில் காட்ட விரும்புவார். மாரி மழை பெய்து ஓய்ந்திருக்கும். கடல்நீரேரி நிறைந்து, நீர் வேலிக்கதியாலை நக்கிக்கொண்டு நிற்கும். வாங்குகிறவரின் மனதில் அந்தக் காட்சி பதிந்துவிடும். ஆனால் அவர் பிள்ளைகளோடு ஊருக்கு வருவது பள்ளி விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி. அது கோடையின் உச்சம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிறது, கரையோரம் வற்றிச் சேறும் உப்புப் படலமுமாகக் கிடக்கிறது. தையில் தண்ணீர் நின்ற இடத்தில் அப்போது கொக்கு நடந்து போகும்.

ஆகவே காணியைப் பார்க்க வேண்டிய மாதம் ஆடி, ஆவணி. பார்க்க வேண்டியது கடலின் அழகை அல்ல, அடித்தளத்தின் சரிவை. யாழ்ப்பாணக் கடல்நீரேரி பெரும்பகுதி ஒன்றிரண்டு மீற்றர் ஆழந்தான், ஓரங்களில் முழங்காலளவு. நமது கடலில் ஏற்றவற்றின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கேட்பதற்கு நல்ல செய்தி. நீர்மட்டம் பெரிதாக மாறாத இடத்தில் நிலையான தூணும் கூரையும் போடுவது சுலபம் என்று வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் சொல்லும். ஆனால் தரை இருநூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற சரிவில் படுத்துக் கிடக்கும் இடத்தில் நீர் 15 சென்ரிமீற்றர் இறங்கினாலே கரை 30 மீற்றர் விலகிப் போய்விடும். சோளகமோ வாடையோ சில நாள் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தள்ளினாலும் நீர் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும்.

இனி படகைப் பார்ப்போம். நம்மூர் 18 அடி ஃபைபர் படகு ஆள் ஏறினால் ஓர் அடி நீர் கேட்கும். வெளியிணைப்பு இயந்திரத்தை முழுவதும் இறக்கி ஓட்ட இரண்டு அடி வேண்டும். மேலே சொன்ன சரிவில் இரண்டு அடி நீர் கரையிலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் தள்ளித்தான் கிடைக்கும். வேலியோரம் நீருக்குள் தூண் நட்டுக் கூரை போட்டால் ஆவணியில் அந்தக் கூரைக்குக் கீழே படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். 120 மீற்றர் தள்ளிப் போட்டால் வீட்டிலிருந்து அங்கே போக ஒரு பாலம் வேண்டும். கூரையின் செலவை விடப் பாலத்தின் செலவு கூடும்.

"வான் (படகு வர ஆழமான வழி) வெட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். வடமராட்சிக் கரையில் மீனவர்கள் பாறைக்கிடையே வான் வெட்டிப் படகு கொண்டுவருவதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி அது. பாறையில் வெட்டிய வான் நிற்கும். சேற்றில் வெட்டியது ஒரு வாடைக்காலத்துக்குள் தூர்ந்துபோகும். ஒரு குடும்பத்தின் உல்லாசப் படகுக்காக ஆண்டுதோறும் கடலடியைக் கிளறுவதற்கு அனுமதி கேட்டுப் போகும் தைரியம் எனக்கில்லை. கேட்டாலும் கிடைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடல் வேறு. முன்னால் முருகைக்கல் திட்டு, வாடைக்காலத்தில் நேரே மோதும் அலை, பல இடங்களில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே வீதி. அங்கே தனி வீட்டுக்கு நீருக்குள் கூரை என்ற பேச்சே வேண்டாம். படகு ஊர்த் துறையில் நிற்கட்டும்.

கூரையைப் பிடித்து வைத்திருப்பது யார்?

மழைக்கும் வெயிலுக்கும் ஒதுக்கிடம் தேடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். சுவரில்லாத கூரைக்கு அதன் பாரம் ஒரு பொருட்டே அல்ல. அதைக் கீழிருந்து மேலே பிடுங்கும் காற்றுத்தான் பகைவன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 அடி நீளம், 14 அடி அகலமான கூரை என்றால் 32 சதுர மீற்றர் சொச்சம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 48 கிலோ. கூரையை முழுமையாக அது பற்றினால் மேல்நோக்கிய இழுப்பு ஒன்றரைத் தொன். காற்று 140 கிலோமீற்றரானால் இழுப்பு மூன்று தொன்னாகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பிடுங்கும் விசை இரட்டித்துவிட்டது. அந்தக் கூரையின் தகரம் முழுவதையும் சேர்த்து நிறுத்தால் 150 கிலோ இருக்கும். மீதி எல்லாவற்றையும் ஆணியும் பட்டியும் தூணும் அத்திவாரமும் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

தரையில் என்றால் தூணின் அடியில் ஒரு கன மீற்றர் கொங்கிறீற்றை ஊற்றிப் பாரம் சேர்த்துவிடலாம். அதுவே இரண்டு தொன்னுக்கு மேல். நீருக்குள் நிற்கும் தூணைச் சேறுதான் பிடிக்கிறது. மண்டைதீவு, வேலணையின் சில இடங்களில் மெல்லிய மணலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல் உடனே தட்டும். அங்கே துளையிட்டுத் தூணை இறக்கலாம். அரியாலை, நாவற்குழிப் பக்கம் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அங்கே நீண்ட தூண் அடிக்க மிதவையில் ஏற்றிய இயந்திரம் வேண்டும். ஒரு வீட்டுக்காக அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் செலவில் இன்னொரு படகே வாங்கலாம்.

புயல் எப்போதோ வருவது என்று நினைக்கிறவர்கள் 2020 டிசம்பரை நினைத்துக்கொள்ளட்டும். புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. குடாநாட்டில் நேரடியாக அடிக்காமலே இங்கேயும் கூரைகளையும் படகுகளையும் பதம் பார்த்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இல்லாமலாக்கிய புயலைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

இனித் தூண் எதனால் செய்வது? ஒன்ராறியோப் படத்தில் இருப்பது மரத்தூண். அது நன்னீர் ஏரி. அங்கே மரத்துக்கு எதிரி பனிக்கட்டி. நமது உவர்நீரில் மரத்தை உள்ளிருந்து துளைத்துத் தின்னும் கடற்புழு இருக்கிறது. வெளியே தூண் முழுசாகத் தெரியும், உள்ளே தேன்கூடு. வைரமேறிய பனையை நீருக்குள் நடலாம் என்று சிலர் சொல்வார்கள். வெளிவட்டத்தின் கறுத்த வைரம் நன்றாகத்தான் நிற்கும். நடுவிலிருக்கும் மென்பகுதி நிற்காது. கொங்கிறீற் தூண் என்றால் ஆபத்தான இடம் நீருக்கடியில் இல்லை. நீர் தெறித்துத் தெறித்துக் காயும் அந்த இரண்டு, மூன்று அடிதான் ஆபத்து. உப்பு அங்கே ஏறிக் கம்பியைத் தின்கிறது. துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கிறது. கம்பிக்கு வெளியே குறைந்தது 50 மில்லிமீற்றர், முடிந்தால் 75, கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். கரையோர மணலைக் கழுவாமல் கலக்கும் மேசனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தடித்த பி.வி.சி. குழாயை நிறுத்தி அதற்குள் கம்பிக்கூட்டை இறக்கிக் கொங்கிறீற் நிரப்புவது நம்மூருக்கு ஏற்ற முறை. குழாய் அப்படியே மேலுறையாக நின்று உப்பைத் தடுக்கும்.

இவ்வளவையும் செய்து முடித்தாலும் படகு மிதந்துகொண்டுதானே இருக்கப் போகிறது? நீரை விட்டு எழாத ஃபைபர் படகின் அடியில் பாசியும் ஒட்டுச்சிப்பியும் ஏறும். மேற்பூச்சுக்குள் நீர் ஊறிக் கொப்புளம் போடும். கூரை மேலே இருந்து வருவதைத் தடுக்கும். கீழே இருந்து வருவதை என்ன செய்யும்? ஆண்டில் மூன்று கிழமை மட்டும் படகில் ஏறுகிற வீட்டுக்காரருக்கு இது மிக மோசமான ஏற்பாடு.

அனுமதியும் அயலும்

கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கம், கடலோரத்தில் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வகுக்கிறது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடர்புள்ள நீரேரிகளின் ஓரத்தில் 100 மீற்றரையும் அதற்குள் கொண்டுவந்தது. அந்த வலயத்துக்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி வேண்டும். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டுத் தொடங்க வேண்டும்; பிரதேச சபையின் கட்டட அனுமதி அதற்கு மேலே. வேலிக்கு வெளியே இருக்கும் கரை உங்களுடையதல்ல, அரசின் நிலம். காணி உறுதியில் "வடக்கு எல்லை கடல்" என்று எழுதியிருப்பதைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. எல்லை கடல் என்றால் கடலுக்கு முன்னால் உங்கள் உரிமை முடிகிறது என்றுதானே பொருள்?

கண்டல் மரங்கள் நிற்கும் கரையானால் பேச்சு இன்னும் சுருக்கம். வெட்டக் கூடாது. கூரைக்காகக் கண்டலை வெட்டுகிறவர் தன் வளவின் அலைத்தடுப்பைத் தானே பிடுங்குகிறார்.

காகிதத்தில் வராத அனுமதி ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஆழமற்ற நீர் வெறுமையாகத் தெரிந்தாலும் அங்கே யாரோ இறால் பிடிக்கிறார்கள். யாரோ மீன் பிடிக்கக் களங்கட்டி வலை போட்டிருக்கிறார்கள். யாருடைய வள்ளமோ மரக்கோல் ஊன்றி அந்த வழியாகத்தான் போகிறது. அண்மை ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகளுக்காகப் பரவைக்கடலில் வேலிகள் எழுந்ததால் வழி குறைந்துபோன வருத்தம் கரையோர ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நிலையில் வெளிநாட்டுக் காசில் நீருக்குள் இன்னொரு கட்டுமானம் எழும்பினால் என்ன பேச்சு எழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரைபடம் போடுவதற்கு முன்னரே ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு போனால் அது சமாதானம் பேசப் போவதாகிவிடும்.

காணிக்குள் கடலைக் கூட்டிவருவது

நான்கில் நான் முற்றாக வேண்டாம் என்பது குடைவை. படத்தில் இதுதான் மிக அழகாக இருக்கும். வீட்டு விறாந்தைக்குப் பக்கத்திலேயே படகு, அலை இல்லை, காற்று இல்லை, அனுமதிக்கும் "என் காணிக்குள்தானே" என்று ஒரு வாதம்.

ஆனால் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத ஊர் இது. மாரிமழை கல்லிடுக்குகளில் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நமது கிணறுகள் எல்லாம் குடிப்பது அந்தப் படலத்திலிருந்துதான். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி உவர்நீர் ஏறும் இடம் கிடைக்கிறது. காணிக்குள் கடல்மட்டத்துக்கு வாய்க்கால் வெட்டினால் அந்த நன்னீர் அதன் வழியே கடலுக்கு வடிந்துவிடும். கடலும் அத்தனை அடி உள்ளே வந்துவிடும். கல்லில் வெடிப்பும் துளையும் நிறைந்திருப்பதால் உப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் கோடு போட்டுச் சொல்ல முடியாது. உங்கள் கிணறு உவரானால் உங்கள் பாடு. அடுத்த வளவின் கிணறு உவரானால்? தீவகத்தில் நல்ல தண்ணீருக்கு வேலணைச் சாட்டிக் கிணறுகளை நம்பி வாழ்ந்தவர்களிடம் இதைக் கேட்டால் பதில் சூடாகக் கிடைக்கும்.

கொங்கிறீற்றால் தொட்டி போல் கட்டி நீர் கசியாமல் செய்யலாம் என்று ஒரு பொறியியல் விடை இருக்கிறது. செய்யலாம். அந்தச் செலவில் யாழ்ப்பாண நகரத்துக்குள் இன்னொரு காணியே வாங்கிப் போடலாம்.

தூக்கி வைக்கும் சட்டம்

மின்மோட்டார்ச் சட்டம் உண்மையில் நல்ல யோசனை. படகு நீரை விட்டு எழும்பி நிற்கும். பாசி இல்லை, சிப்பி இல்லை. துணிக்கூரையைப் புயல் அறிவித்தல் வந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடலாம். ஆழமான நீரும் நல்ல தரையும் இருந்து, வீட்டில் ஆண்டு முழுவதும் ஆளும் இருந்தால் நான் இதை எதிர்க்க மாட்டேன்.

சிக்கல் பழுது வரும் நாளில் தொடங்குகிறது. அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத உருக்குக் கம்பிவடம், மோட்டார், எல்லாம் இறக்குமதி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமானின் விலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பற்சில்லு தேய்ந்தால் அதற்காகக் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் ஓட வேண்டும். அதுவரை படகு அந்தரத்தில் தொங்கும். துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரில் விற்பதெல்லாம் கடலைத் தாங்காது. 304 என்ற தரம் கடற்காற்றில் சில மாதங்களிலேயே தேநீர்க்கறை போலப் பழுக்கும். 316 கேட்டு வாங்க வேண்டும். நீருக்கு மேல் மின்சாரம் கொண்டுபோவதும் விளையாட்டல்ல. கசிவு கண்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் அந்தக் கம்பியை வீட்டைத் தாண்ட விடாதீர்கள்.

கொட்டில்

நான்காவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். கனடாப் படத்தோடு வந்தவரிடம் கொட்டில் என்று சொன்னால் மாட்டுக்கொட்டில் நினைவுக்கு வந்துவிடும்போல.

முதலில் ஒரு விடயம். திறந்த 18 அடிப் படகு 100 மில்லிமீற்றர் மழையில் அறுநூறு, எழுநூறு லீற்றர் நீரை ஏந்தும். குடாநாட்டில் அவ்வளவு மழை ஒரே நாளில் கொட்டுவது புதிதல்ல. மிதக்கும் படகுக்கு அது மூழ்கும் பாரம். அதனால்தான் அதற்குக் கூரை அவசியமாகிறது. தரையில் நிற்கும் படகின் பின்பக்கத்துச் சிறு அடைப்பானைக் கழற்றி, மூக்கைச் சற்று உயர்த்தி வைத்தால் எத்தனை மழை பெய்தாலும் ஓடிவிடும். அப்படியானால் தரையில் கூரைக்கு உள்ள வேலை வெயிலைத் தடுப்பது மட்டுந்தான். ஃபைபரின் மேற்பூச்சை வெளிறச் செய்து மாவாக உதிர்ப்பது வெயில். இயந்திரத்தின் ரப்பர்க் குழாய்களை வெடிக்கச் செய்வதும் அதுவே. நிழல் மட்டுமே வேண்டுமென்றால் கூரை தாழ்வாக இருக்கலாம், எளிதாக இருக்கலாம், புயலில் போனால் திரும்பப் போடக்கூடியதாக இருக்கலாம்.

அளவு: 18 அடிப் படகுக்கு 24 அடி நீளமும் 12 அடி அகலமும். இயந்திரத்தை மடக்கி நிறுத்தவும், இரு பக்கமும் ஆள் நடந்து கழுவவும் அது போதும். கூரையின் இறப்பு (கீழ் விளிம்பு) எட்டடி உயரம். அதற்கு மேல் ஏற்றினால் காற்றுக்குத்தான் உதவி. இரு பக்கச் சரிவை விட நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றைத் தாங்கும். வாடை வடகிழக்கிலிருந்து, சோளகம் தென்மேற்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். கொட்டிலின் குறுகிய பக்கம் அந்தக் கோட்டைப் பார்க்கும்படி அமைக்கக் கரை இடம் கொடுத்தால் அது அதிட்டம்.

தூண் கொங்கிறீற்றாக இருக்கட்டும். வளையும் கைமரமும் பனை. தரையிலே, நிழலிலே, கறையான் எண்ணெய் பூசிய முதிர்ந்த பனைக்கு ஈடாக இந்த ஊரில் வேறு மரம் எனக்குத் தெரியாது. ஆனால் பனையை நினைத்தபடி தறிக்க முடியாது, அனுமதி வேண்டும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் நல்ல பனை வளைகள் கிடைக்கும், விசாரித்துப் பாருங்கள். தூணுக்கும் வளைக்கும் இடையில் ஆணியை மட்டும் நம்பாமல், நாகமுலாம் பூசிய இரும்புப் பட்டியால் சுற்றிப் போல்ட் போட வேண்டும். மேலே சொன்ன ஒன்றரைத் தொன் அந்தப் பட்டியில்தான் தொங்கப் போகிறது.

மேலே தென்னோலைக் கிடுகா, தகரமா? கிடுகுக்குத்தான் என் மனம். குளிர்ச்சி, காற்று ஊடே புகுந்து வெளியேறும், பறந்தாலும் அயல் வீட்டாரின் தலையை வெட்டாது. ஆனால் இரண்டு ஆண்டுக்கொரு முறை வேய வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். நம்மூர் இயந்திரங்கள் குடிக்கும் மண்ணெண்ணெயைக் கிடுகுக்குக் கீழே கலனில் வைக்கவே கூடாது. பூட்டிய வீட்டுக்கு நாகமும் அலுமினியமும் கலந்து முலாமிட்ட தகரம்தான் சரிவரும். திருகாணி ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் இருக்க, ஓரத்து வரிசைகளில் திருகாணியை இரட்டிப்பாக்குங்கள். கூரை பிய்வது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும்.

சாய்தளம் பற்றிக் கேட்பார்கள். கரை உயரமாக இருந்தால் எட்டுக்கு ஒன்று என்ற சரிவில், குறுக்கே பள்ளவரி போட்ட கொங்கிறீற். வழவழப்பாக முடித்தால் பாசியில் வழுக்கி விழுவீர்கள். படகும் இயந்திரமும் வண்டியும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்தால் அந்தச் சரிவில் இழுக்க வேண்டியது 75 கிலோவும் உராய்வும். தூணில் பூட்டிய கைவிஞ்சு ஒன்றால் ஒருவரே ஏற்றிவிடலாம். பரவைக்கடலின் தட்டைக் கரையில் சாய்தளமே தேவைப்படாது, கரையே சாய்தளம். அங்கே வேண்டியது சேற்றில் புதையாத பாதை. முன்கூட்டி வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளை இரு தடங்களாக அடுக்கிவிட்டால் தேவைப்படும்போது எடுத்துவிடலாம் என்பதால் அனுமதி கேட்கும்போதும் அது இலகு. வண்டிக்கு அகலமான ரயர். நீர் தள்ளிப்போன ஆவணியில் படகை வண்டியோடு லாண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரம்) கொழுவி 100 மீற்றர் இழுத்துக்கொண்டு போய் இறக்குங்கள். நீருக்குள் நட்ட கூரையால் ஒருநாளும் செய்ய முடியாத காரியம் அது: கடல் எங்கே போனாலும் படகு பின்னாலேயே போகும்.

அந்த ஒரு வீடு

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள வாய்க்கால், கடற்கோட்டை நிற்கும் பக்கம், ஆழம் வேறு. பழைய நாளில் பாய்க்கப்பல் வந்து நின்ற துறை அது. அந்தக் கரையில் காணியும், கையால் ஏற்ற முடியாத 28 அடிப் படகும், அதைக் கிழமைக்கு மூன்று நாளாவது ஓட்டுகிற ஆளும், கரையில் கல்லும் இருந்தால் நீருக்குள் தூண் நட்ட கூரைக்கு நியாயம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளைத் தீவுகளுக்கு ஏற்றி இறக்கும் தொழில் செய்பவராக இருந்தால் இன்னும் நியாயம். அவருக்கும் நான் சொல்வது, கூரையையும் தூணையும் ஒரே உடம்பாக வார்க்க வேண்டாம் என்பதுதான். மேற்கூரையைப் போல்ட் கழற்றி இறக்கக்கூடிய துண்டுகளாகச் செய்யுங்கள். கார்த்திகையில் இறக்கி, தை பிறந்த பிறகு ஏற்றுங்கள்.

ஐந்தாவது தெரிவு ஒன்றும் இருக்கிறது. அதை என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆண்டில் மூன்று கிழமை மட்டும் வருகிறவர் படகே வாங்காமல், குருநகரிலோ பாசையூரிலோ ஒரு சம்மாட்டியிடம் (படகு முதலாளி) பேசி, படகையும் ஓட்டத் தெரிந்த ஆளையும் வேண்டிய நாளுக்கு அமர்த்திக்கொள்ளலாம். சேறு எங்கே, கல் எங்கே, எந்த மாதம் எந்த வழி என்பதெல்லாம் அந்த ஆளோடு சேர்ந்தே வரும். இதைச் சொன்னால் கட்டட மேற்பார்வைக்காரனுக்கு வேலை இல்லை. ஆனாலும் முதல் ஆவணிக்கு இப்படிச் செய்துபாருங்கள். அடுத்த ஆண்டும் படகு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் கொட்டிலுக்கு அளவெடுக்கலாம். வண்டியை மட்டும் காரைநகர்ப் பக்கம் ஃபைபர் வேலை செய்பவர்களிடம் உங்கள் படகின் வயிற்று வளைவைக் காட்டிச் செய்வியுங்கள். கடையில் விற்கும் பொது அளவு வண்டியில் நம்மூர்ப் படகு சரியாகக் குந்தாது. இரண்டு புள்ளியில் மட்டும் பாரம் ஏறி, அந்த இடத்தில் ஃபைபர் வெடிக்கும்.